மராமத்தும் ஓர் இறைப்பணியே
தரங்கம்பாடி ஆலயத்தின் வரலாறு நமக்குத் தரும் படிப்பினைகள்



ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது வரவு செலவுப் பக்கங்களைத்தான். இமாம், முஅத்தின் ஆகியோரின் ஊதியம், மின்கட்டணம், ரமளான் நோன்புக் கஞ்சிச் செலவு என ஒவ்வொன்றையும் ஊன்றிப் பார்க்கிறோம். அவற்றிடையே 'மராமத்து' என்றொரு வரி இருக்கும். அந்த வரியை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். ஒழுகிய தளத்தை அடைத்ததும், பெயர்ந்த பூச்சைச் செப்பனிட்டதும், கரையான் அரித்த நிலைப்படியை மாற்றியதும் வரலாறாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டியவர் பெயர் பளிங்கில் பொறிக்கப்படுகிறது. அதே பள்ளிவாசலின் தளத்தில் முளைத்த அரசஞ்செடியை ஆண்டுதோறும் பிடுங்கியவர் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை.

ஆயினும் இறையில்லங்களின் வரலாற்றை நுணுகிப் பார்த்தால், அவற்றை எழுப்பிய கைகள் சில என்பதும், காத்து நிறுத்திய கைகள் பலப்பல என்பதும் விளங்கும். இக்கருத்தை நம் ஊருக்கு அண்மையிலேயே நிற்கும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கதையைக் கொண்டு விளக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பள்ளிவாசல் மலரில் தேவாலயத்தின் வரலாறு எதற்கு என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 'அல்ஹஜ்' அத்தியாயத்தின் 40ஆவது வசனம், துறவியர் மடங்களையும் கிறிஸ்தவ ஆலயங்களையும் யூதர்களின் தொழுகை இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் ஒருங்கே குறிப்பிட்டு, அவை இடிபடாமல் காக்கப்படுவதை இறைவனின் ஏற்பாடாகச் சொல்கிறது. மேலும் காரைக்கால் அம்மையார் கோயிலும், உயர்ந்த மணிக்கூண்டுடன் விளங்கும் தேற்றரவு அன்னை ஆலயமும், மஸ்தான் சாஹிப் தர்காவும் ஒரே நகரில் நிற்க, அவற்றிடையே வாழ்ந்து பழகியவர்கள் நாம். ஒரே மழையும் ஒரே உப்புக்காற்றும்தான் இவை அனைத்தையும் தாக்குகின்றன. எனவே ஒருவர் கட்டிடத்திற்கு நேர்ந்தது மற்றவர்க்கும் பாடமாகும்.

கடலோரத்தில் மூன்று நூற்றாண்டுகள்

தலத்தெருவிலிருந்து வடக்கே கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி, பூவம் வழியாகச் சென்று நண்டலாற்றைக் கடந்தால் பொறையார். அதனை அடுத்துக் கடலோரத்தில் அமைந்திருப்பது தரங்கம்பாடி. 1620ஆம் ஆண்டு தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டென்மார்க் நாட்டினர் இங்கு வந்து டான்ஸ்பர்க் கோட்டையை எழுப்பினர். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம், டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியப் பாதிரிமார் இவ்வூரில் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, தமிழில் நூல்களை அச்சிட்ட செய்தி நம்மில் பலரும் அறிந்ததே.

1707இல் தமிழ்ச் சபையினருக்காகச் சிறியதோர் ஆலயம் கட்டப்பட்டது. அது நெடுங்காலம் பயன்படவில்லை. சில ஆண்டுகளிலேயே வேறிடத்தில் பெரிய ஆலயம் ஒன்றைக் கட்ட வேண்டியதாயிற்று. அவ்வாறு 1718இல் இராஜ வீதியில் எழுந்ததே புதிய எருசலேம் ஆலயம். நான்கு புறமும் நீண்ட சிலுவை வடிவ அமைப்பும், தடித்த சுவர்களும், முகப்பில் நான்காம் பிரடெரிக் மன்னரின் பெயர்ச் சின்னமும் மகுடமும் கொண்டது அது. ஆலயம் நிறைவுற்ற மறு ஆண்டே, அதாவது 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு காலமானார். தாம் எழுப்பிய ஆலயத்தினுள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

கட்டியவர் ஓராண்டிற்குள் மறைந்துவிட்டார். ஆலயமோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் யார் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1845ஆம் ஆண்டு டென்மார்க் அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. வணிகம் சரிந்தது. கப்பல்கள் வேறு துறைமுகங்களை நாடின. முகப்பில் பெயர் பொறித்துக்கொண்ட மன்னரின் வழித்தோன்றல்களுக்கு அவ்வூரின் மீது ஆட்சியுரிமை ஏதும் எஞ்சவில்லை. பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் அப்பணிகளை மேற்கொண்டது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாகி, ஆலயம் உள்ளூர் மக்களின் பொறுப்பிற்கு வந்தது. அரசு மாறியது, மிஷன் மாறியது, ஆட்சிமொழியும் மாறியது. மாறாதிருந்தது ஞாயிறு தோறும் அங்கு கூடிய சபை மட்டுமே. ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்பும் தளத்தைப் பார்க்கவும், ஒவ்வொரு கோடையிலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் வழிபடும் மக்கள் இருந்ததனாலேயே அது வழிபாட்டு இல்லமாக நீடித்தது.

அதே ஊரின் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலையும் காணலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் படிப்படியாக விழுங்கிவிட்டது. கடலோரத்தில் கட்டிடம் எழுப்புவோர் கடலுடன் எந்நாளும் கணக்குத் தீர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு அக்கோயிலின் சிதைந்த கற்களே சான்று.

பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் நாளை நம் கடற்கரையில் எவரும் மறக்க இயலாது. காரைக்கால், நாகப்பட்டினம், தரங்கம்பாடி எங்கும் ஆழிப்பேரலை உயிர்களை வாரிச் சென்றது. அன்று உயிர்களைக் காப்பதும், மரித்தோரை அடக்கம் செய்வதும், எஞ்சியோர்க்கு உணவளிப்பதுமே முதற்கடமையாக இருந்தது. கட்டிடங்களைப் பற்றி எண்ணப் பல மாதங்கள் ஆயின.

அப்பேரலையில் புதிய எருசலேம் ஆலயமும் மிஷனைச் சேர்ந்த பிற கட்டிடங்களும் சேதமுற்றன. அவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முற்படாமல் பழுதுபார்க்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 70 இலட்சம் ரூபாய் செலவில் அப்பணி நிறைவேறி, 2006இல் ஆலயம் மீண்டும் வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. சீகன்பால்கு வந்திறங்கியதன் முந்நூறாவது ஆண்டும் அதுவே.

கடல்நீர் ஒரு பழைய கட்டிடத்தைத் தொட்டால் நேரும் கேடு அன்றே முழுமையாகத் தெரிவதில்லை. நீர் வடிந்துவிடும். அதிலிருந்த உப்போ செங்கல்லுக்குள் தங்கிவிடும். வெயிலில் சுவர் உலர உலர உப்பு மேற்பரப்பிற்கு வந்து பொரிந்து, பூச்சை உள்ளிருந்து தள்ளும். ஈரம் வந்தால் மீண்டும் கரையும், உலர்ந்தால் மீண்டும் பொரியும். இப்படிப் பல ஆண்டுகள் நடந்து செங்கல்லே மாவாக உதிரும். நம் வீடுகளில் 'சுவர் உப்புப் பூத்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான். அவசரப்பட்டு அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டால் புண்ணை மூடிக் கட்டியதற்கு ஒப்பாகும்.

இடிப்பது எளிது, எழுப்புவது அரிது

பிரெஞ்சு ஆட்சியில் நம்முடன் இணைந்திருந்த புதுச்சேரியின் வரலாறும் இங்கு நினைவுகூரத் தக்கது. அங்கு 'சம்பா கோயில்' என்று மக்கள் வழங்கும் பேராலயம், முதன்முதலாக 1692இல் கட்டப்பட்டது. மறு ஆண்டே டச்சுக்காரர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அது அழிந்தது. பின்னர் மீண்டும் எழுந்து, மேலும் பெரிதாகக் கட்டப்பட்டு நிற்கையில், 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியபோது அதுவும் இடிபட்டது. நம் காரைக்காலும் 1760இல் அவர்கள் வசமாகி, 1765இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. இன்று நாம் காணும் பேராலயத்தின் கட்டுமானம் 1770இல் தொடங்கி 1791இல் முடிவுற்றது. சில மாதங்களில் இடிக்கப்பட்டதை மீட்க முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இடிபட்ட ஆண்டில் வாலிபராக இருந்தவர் முதுமையில்தான் புதிய ஆலயத்தின் வாசலை மிதித்திருப்பார்.

அதே நகரில் 1855இல் நிறைவுற்ற 'கப்ஸ் கோயில்' என்னும் தேவதைகளின் அன்னை ஆலயம் மற்றொரு செய்தியைச் சொல்கிறது. அதன் உட்சுவர்கள் பளிங்கு போல மின்னுகின்றன. அது பளிங்கன்று. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து, அரைத்து, பலமுறை பூசி மெருகேற்றிய சாந்து. அக்கலையை அறிந்த நம் நாட்டுக் கொத்தனார்களின் கைவண்ணம் அது.

சுண்ணாம்புச் சுவர் சொல்லும் பாடம்

இப்பகுதியின் பழைய ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தர்காக்களும் வணிகர் மாளிகைகளும் பெரும்பாலும் ஒரே முறையில் கட்டப்பட்டவை. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலுடன் சேர்த்து அரைத்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை அதில் சேர்த்தனர். ஈரம் மிகுந்த இடங்களில் செங்கல் தூளாகிய சுர்க்கியைக் கலந்தனர். இச்சாந்து சிமெண்டைப் போல ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, மாதங்கள் கடந்து கல்லாக மாறும்.

மேல்தளத்திற்குத் தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, சிறிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்தனர். மதராஸ் தளம் என்று வெளியூராரும் அறிந்த முறை இது.

இம்முறையின் சிறப்பு, சுவர் மூச்சு விடுவது. தரையிலிருந்து ஏறும் ஈரமும், மழையில் நனைந்த ஈரமும் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். கட்டிடம் சிறிது அசைந்தாலும் சாந்து நெகிழ்ந்து கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டு பரவியபின், 'உறுதியாக இருக்கட்டும்' என்னும் நல்லெண்ணத்துடனேயே பல பழைய சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு இடப்பட்டது. அதனால் வெளியேற வழியின்றி ஈரம் சுவருக்குள்ளேயே தங்கியது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது, அதனோடு பழைய செங்கல்லின் மேற்பகுதியும் சேர்ந்து வந்தது. பழைய கட்டிடம் பலவீனமானது என்று பழி சுமத்தப்பட்டது. குற்றம் கட்டிடத்தினுடையதன்று, பொருந்தாத மருந்தினுடையது.

மறுபுறம், கம்பி கட்டிய கான்கிரீட்டு கடற்கரையில் நெடுநாள் நிற்கும் என்னும் நம்பிக்கையும் முழுவதும் மெய்யன்று. உப்புக்காற்று மெல்லிய விரிசல் வழியே உட்புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய இரும்பு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைக்கும். உப்பு நீங்காத மணலைக் கலந்து கட்டியிருந்தால் கேடு இன்னும் விரைவில் வரும். நூற்றாண்டு கடந்த சுண்ணாம்புச் சுவர் நிமிர்ந்து நிற்க, அதனருகே முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய கான்கிரீட்டுத் தாழ்வாரத்தில் கம்பி வெளியே தெரிவதை நம் கடற்கரை ஊர்களில் கண்கூடாகக் காணலாம்.

கவனிப்பாரற்று வீழ்ந்த மாளிகை

வழிபடும் மக்கள் இல்லாத கட்டிடத்திற்கு என்ன நேரும் என்பதற்கும் புதுச்சேரியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கடற்கரைச் சாலையில் 1871ஆம் ஆண்டளவில் எழுந்த 'மேரி' என்னும் நகராட்சி மாளிகை, பிரெஞ்சுக் காலத்தின் அடையாளமாக விளங்கியது. பல்லாண்டுகள் உரிய பழுதுபார்ப்பின்றி நலிந்திருந்த அம்மாளிகை, 2014 நவம்பர் 29ஆம் நாள் அடைமழையில் சரிந்து விழுந்தது. அதனைப் போன்றே புதிதாக ஒரு மாளிகையை உலக வங்கியின் நிதியுதவியுடன் கட்டி, 2021இல் திறந்து வைத்தனர். காலத்தே சில இலட்சங்களில் முடிந்திருக்கக்கூடிய பணி, பிறகு பல கோடிகளை விழுங்கிற்று. அவ்வாறு கட்டியும் கிடைத்தது பழைய மாளிகையின் சாயலே.

அந்த மாளிகை ஒரே நாள் மழையில் விழவில்லை. அதற்கு முன் பெய்த ஒவ்வோர் ஆண்டின் மழையிலும் சிறிது சிறிதாக விழுந்துகொண்டிருந்தது. நவம்பர் 29 அதன் கடைசி நாள், அவ்வளவே.

கஅபாவின் புனரமைப்பு

இறையில்லத்தைப் பழுதுபார்ப்பதில் நமக்கு முதன்மையான முன்மாதிரி புனித கஅபாவிலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதாக இருந்தபோது, வெள்ளத்தால் கஅபாவின் சுவர்கள் தளர்ந்தன. குறைஷியர் அதனைப் புதுப்பிக்க முடிவு செய்தனர். ஆயினும் பழைய சுவரில் கைவைக்க அனைவரும் அஞ்சினர். வலீத் இப்னு முகீரா என்பவர், தம் நோக்கம் நன்மையே என்று இறைவனிடம் முறையிட்டு முதற்கல்லைப் பெயர்த்தார். மற்றவர்கள் அன்றிரவு முழுவதும் காத்திருந்து, அவருக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை என்று கண்டபின்னரே பணியில் இணைந்தனர் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அப்பணியில் நபிகளார் தாமும் கல் சுமந்தார்கள். ஹஜருல் அஸ்வத் கல்லை வைப்பதில் எழுந்த பூசலை ஒரு துணியை விரித்து அவர்கள் தீர்த்து வைத்ததும் இந்தப் புனரமைப்பின்போதுதான்.

அந்நிகழ்ச்சியில் மேலும் இரு செய்திகள் நம் நிர்வாகத்திற்கு மிகவும் பயன்படுவன. முதலாவது, கூரைக்கான மரம் ஜித்தாக் கரையில் உடைந்த ஒரு கப்பலிலிருந்து வாங்கப்பட்டது. வேலை தெரிந்தவராக பாகூம் என்னும் ரோமானியர் அமைந்தார். தொழில் அறிந்தவர் எவராயினும் அவரை நாடுவதில் குறைஷியர் தயங்கவில்லை. நம் அண்டையிலுள்ள நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பித் தந்ததும் ஈண்டு ஒப்பு நோக்கத் தக்கது.

இரண்டாவது, வட்டியாலும் அநீதியாலும் வந்த பணத்தை இப்பணிக்கு ஏற்பதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். தூய பொருள் போதாமற் போனது. அதற்காக உறுதியைத் தளர்த்தாமல், கட்டிடத்தின் அளவைக் குறைத்துக்கொண்டனர். இன்றும் கஅபாவை ஒட்டி அரைவட்டச் சுவருக்குள் தனித்து நிற்கும் ஹிஜ்ர் பகுதி அவ்வாறு வெளியே விடப்பட்டதே. கையிலுள்ள தூய பணத்திற்கேற்பப் பணியைச் சுருக்கிக்கொள்ளலாம், பணிக்கேற்பப் பணத்தின் தூய்மையைச் சுருக்கலாகாது என்பதற்கு அந்த அரைவட்டம் நிலையான சாட்சி.

பின்னர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29இல் மஸ்ஜிதுந் நபவியை விரிவுபடுத்தியபோது, செதுக்கிய கல்லும் சாந்தும் கொண்டு சுவர் எழுப்பித் தேக்கினால் கூரை வேய்ந்தார்கள். பேரீச்ச ஓலைக் கூரையாகத் தொடங்கிய பள்ளி அது. மூலத்தை மதித்து, தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் நடுநிலையை இதில் காண்கிறோம்.

ஊரே கூடிப் பூசும் பள்ளிவாசல்

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே என்றொரு தொன்மையான ஊர் உண்டு. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. இன்றைய கட்டிடம் 1907இல் எழுப்பப்பட்டது. அதன் சுவர்களிலிருந்து பனங்கட்டைகள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்கு மட்டுமல்லாமல், பூச்சு வேலைக்கு ஏறும் சாரமாகவும் அவை பயன்படுகின்றன. கட்டும்போதே பழுதுபார்க்கும் வழியையும் அமைத்துவிட்டனர் அம்முன்னோர்.

ஆண்டுதோறும் ஒரு நாள் குறித்து ஊர் மக்கள் அனைவரும் கூடுவர். வாலிபர் குழைத்த மண்ணைச் சுமந்து வர, பெண்கள் நீர் கொண்டு தர, மூத்த கொத்தனார்கள் மேற்பார்வையிட, பள்ளிவாசல் முழுவதும் புதிதாகப் பூசப்படும். அவ்வளவு பேணியும், 2009 நவம்பரில் ஒரே நாளில் கொட்டிய 75 மில்லிமீட்டர் மழையில் அதன் பெரிய கோபுரம் ஒன்றின் மேற்பகுதி சரிந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் உதவியுடன் அது மீண்டும் கட்டப்பட்டது. கல்லும் காரையும் இல்லாத மண் சுவர் நூறாண்டைத் தாண்டி நிற்பதற்குக் காரணம், ஊரார் அனைவரும் அதற்குப் பொறுப்பாளிகளாக இருப்பதே.

இடிப்பதா, பழுதுபார்ப்பதா?

வெளிநாட்டு வருவாய் பெருகிய பின் நம் கடற்கரை ஊர்களில் பழைய பள்ளிவாசல்கள் பல இடிக்கப்பட்டு, பெரிய கான்கிரீட்டுப் பள்ளிகள் எழுந்துள்ளன. இதை முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டோம். மக்கள்தொகை பெருகிவிட்டது. ஜும்ஆவிற்கு வருவோர் வெயிலில் நிற்க நேர்கிறது. உத்திரம் மக்கி உயிருக்கு ஆபத்தாகும் நிலையும் உண்டு. தொழுவோரின் உயிரைவிடப் பழமை பெரிதன்று.

ஆயினும், இடிக்கும் முடிவு பல வேளைகளில் அவசரத்தில் எடுக்கப்படுகிறது. ஒரு மழைக்கால ஒழுக்கும், ஒரு கொடையாளரின் ஆர்வமும் சேர்ந்துவிட்டால், நூற்றாண்டுப் பள்ளியின் கதை ஒரே கூட்டத்தில் முடிந்துவிடுகிறது. பழைய உட்பள்ளியை அப்படியே காத்து, முன்புறமோ பக்கவாட்டிலோ புதிய மண்டபம் சேர்க்க இயலுமா என்று கேட்பார் சிலரே. இடித்தபின் தேக்கு உத்திரமும், கல்தூணும், அரபுத் தமிழில் பொறித்த கல்வெட்டும் எங்கே போயின என்று கேட்பாரும் சிலரே. நம் பாட்டன்மார் தலை தாழ்த்திய இடத்தில் நாமும் தலை தாழ்த்துகிறோம் என்னும் உணர்வு, ஒருமுறை இழந்தால் எந்தப் பளிங்கினாலும் மீளாது.

நம் காரைக்கால் மக்கள் பலருக்குக் குடும்பத் தொடர்புள்ள பிரான்சு நாட்டில், 2019 ஏப்ரல் 15ஆம் நாள் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்ததை அறிவோம். பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே அவ்விபத்து நேர்ந்தது. ஐந்தாண்டு உழைப்பிற்குப் பின் 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. தீக்குச் சில ஆண்டுகள் முன்பே ஆண்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் அக்கட்டிடம் முழுவதையும் லேசர் கருவியால் அளந்து பதிந்து வைத்திருந்தார். தீயைக் காணும் முன்பே, 2018இல் அவர் மறைந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற அளவுகள் மீட்புப் பணிக்குப் பேருதவியாயின. அளந்து எழுதி வைப்பதும் மராமத்தின் ஒரு பகுதியே என்பதை இதனால் அறிகிறோம்.

நாம் செய்யத் தக்கவை

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து நம் ஜமாஅத்திற்குப் பொருந்தும் சில கருத்துகளை உறுப்பினர்களின் சிந்தனைக்கு முன்வைக்கிறோம்.

ஒன்று: மராமத்திற்கெனத் தனி நிதி வேண்டும். ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி, வேறு செலவுக்கு அதில் கைவைக்காதிருத்தல் நலம். ஒழுகத் தொடங்கியபின் வசூலுக்கு இறங்குவது காலத்தாலும் பணத்தாலும் இழப்பே.

இரண்டு: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே தளத்தின் மீது ஏறிப் பார்க்க வேண்டும். வாட்டம் சரியாக உள்ளதா, மழைநீர்க் குழாய்களில் சருகு அடைத்துள்ளதா, தட்டோடுகளிடையே விரிசல் உள்ளதா, கைப்பிடிச் சுவரிலும் மினாராவிலும் அரசும் ஆலும் முளைத்துள்ளனவா என்று நோக்க வேண்டும். செடியை மேலே ஒடித்துவிட்டால் போதாது, வேருடன் நீக்கி அவ்விடத்தைச் சாந்தால் அடைக்க வேண்டும். இடிதாங்கியின் இணைப்பையும் மின்கம்பிகளையும் அவ்வமயமே சோதித்துவிடலாம்.

மூன்று: ஹவ்ளு, ஒளூச் செய்யும் இடம், கழிவறை ஆகியவற்றின் நீர் பள்ளியின் அடித்தளத்தில் தேங்காமல் வெளியேற வேண்டும். மழையைவிட அன்றாடம் கசியும் நீரே சுவருக்குப் பெரும் பகை.

நான்கு: பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருந்தும். அவ்வேலை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டனர், கூலியும் கூடுதல். எனினும் 1984 முதல் புதுச்சேரியில் இயங்கிவரும் இன்டாக் அமைப்பின் கிளை இத்துறையில் அனுபவம் உள்ளது. தரங்கம்பாடியிலும் பழைய கட்டிடங்களை மீட்டுள்ளது. இத்தகையோரிடம் ஆலோசனை கேட்பதில் தாழ்வில்லை.

ஐந்து: மராமத்துக் குறிப்பேடு ஒன்று தொடங்க வேண்டும். எந்த ஆண்டில், எந்தச் சுவரில், என்ன பொருளால், யார் கையால், எவ்வளவு செலவில் வேலை நடந்தது என்று எழுதி, நிழற்படத்துடன் வைத்தால், அடுத்து வரும் நிர்வாகிகள் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. முத்தவல்லிகள் மாறலாம், குறிப்பேடு மாறாது.

ஆறு: இடிக்கும் பேச்சு எழுமானால், தகுதி பெற்ற கட்டிடப் பொறியாளர் ஒருவரின் எழுத்து மூலமான ஆய்வின்றி முடிவு எடுக்கலாகாது. பழுதுபார்க்க ஆகும் செலவும், புதிதாகக் கட்ட ஆகும் செலவும் பொதுக்குழுவின் முன் ஒருசேர வைக்கப்பட வேண்டும். முடிவு எதுவாயினும், பழைய பள்ளியை அளந்து, படமெடுத்து வைத்தபின்னரே கடப்பாரை எடுக்கப்பட வேண்டும்.

முடிவுரை

அல்லாஹ்வின் பள்ளிவாசல்களைப் பேணுதல் இறைநம்பிக்கையாளரின் பண்பாக 'அத்தவ்பா' அத்தியாயத்தின் 18ஆவது வசனத்தில் சொல்லப்பட்டுள்ளது. பேணுதல் என்பது தொழுகையால் நிரப்புவதையும் குறிக்கும், கட்டிடத்தைச் செப்பனிடுவதையும் குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். இரண்டும் ஒன்றையொன்று தாங்குவன. தொழுவோர் உள்ள பள்ளியின் கூரை கவனிக்கப்படும். கூரை நன்றாக உள்ள பள்ளிக்கு மழை நாளிலும் தொழுவோர் வருவர்.

தரங்கம்பாடியில் ஒரு மன்னரின் மகுடச் சின்னம் ஆலய முகப்பில் இருக்கிறது. அம்மகுடத்தின் ஆட்சி அவ்வூரை விட்டு அகன்று நூற்றெண்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆலயத்தை இன்றளவும் நிறுத்தியிருப்பவர்கள் பெயர் எங்கும் பொறிக்கப்படாத எளிய மக்கள். நம் பள்ளிவாசலையும் அத்தகையோரே இதுகாறும் காத்து நம் கையில் ஒப்படைத்துள்ளனர். அவர்களின் பெயர்களை நாம் அறியோம், இறைவன் அறிவான்.

அடுத்த முறை வரவு செலவு அறிக்கையில் 'மராமத்து' என்னும் வரியைக் காணும்போது அவர்களுக்காக ஒரு துஆச் செய்வோம். அந்த வரி வெறுமையாக இருக்கக் கண்டால், ஏன் என்று கேட்போம். இறையில்லங்களைப் பேணும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நம் சந்ததியினர்க்கும் அருள்வானாக. ஆமீன்.